விளக்குமாறு, தேங்காய், மண்வெட்டி: பள்ளிக்கூடத் தோட்டம் பற்றி ஒரு தலித் வாசிப்பு

எங்கள் காலனியில் சாயங்கால வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். போன ஆனி மாதத்தில் ஒருநாள் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து தம்பி ஒருவர் அங்கே வந்தார். நல்ல பிள்ளை. பை நிறைய விதைப் பொட்டலம். வெண்டை, கத்தரி, கொத்தவரை, அரைக்கீரை. கூடவே வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு கையேடு. பள்ளிக்கூடத்தில் ஒரு தோட்டம், தெருவுக்குப் பொதுவாக ஒரு தோட்டம், அதன் வழியாக 'உணவு நீதி' என்று பேசினார். பிள்ளைகள் மண்ணோடு பழகவேண்டும், தங்கள் சோற்றைத் தாங்களே விளைவிக்கக் கற்கவேண்டும் என்றார். வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் பெரியம்மா இரண்டே கேள்விதான் கேட்டாள்.

'வெத நல்லாத்தான் இருக்குது தம்பி. எங்க போட்றது?'

எங்கள் காலனியில் வீட்டுக்கு மூன்று சென்ட். வீடு போக, கக்கூஸ் போக, ஆடு கட்டுகிற இடம் போக மிஞ்சுவது துணி காயப்போடுகிற அளவுதான். தம்பி சுற்றிலும் பார்த்துவிட்டு, 'பள்ளிக்கூடத்துல எடம் இருக்குதே ஆயா' என்றார்.

'பள்ளிக்கூடத்துல போட்டா தண்ணி ஊத்தறது யாரு ஊட்டுப் புள்ளைங்க?'

அவருக்கு அந்தக் கேள்வி பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. அன்றைக்கு ராத்திரி அந்தக் கையேட்டை இரண்டு முறை படித்தேன். மண் இருந்தது, விதை இருந்தது, ஊட்டச்சத்து இருந்தது, இயற்கை இருந்தது. நிலம் யாருடையது என்பதும் வேலை யாருடையது என்பதும் அதில் எங்கேயும் இல்லை. 'நீதி' என்ற சொல்லை அட்டையில் போட்டுவிட்டு இந்த இரண்டையும் எப்படி விட முடிகிறது? பெரியம்மாவின் கேள்விகளை வைத்துக்கொண்டு இந்தப் பள்ளிக்கூடத் தோட்டம் என்கிற சொல்லாடலை வாசித்துப் பார்க்கிற முயற்சிதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விமர்சனம் எழுதுகிற நடுநிலைமை எனக்குக் கிடையாது.

நான் படித்தது ஒரு கிராமத்து நடுநிலைப்பள்ளி. பேர் வேண்டாம். 1990களின் கடைசி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது. வேலியோரம் செம்பருத்தி, நாலு பாத்தி தக்காளி, இரண்டு பாத்தி கத்தரி, ஒரு முருங்கை. நாலாவது பீரியடில் சார் வந்து பேர் படிப்பார். யாரும் சாதியைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் படித்த பேரெல்லாம் எங்கள் தெருப் பேராகவே இருந்தது. பையன்கள் மம்முட்டி எடுத்துப் பாத்தி கட்டுவார்கள், களை வெட்டுவார்கள். நாங்கள் குடம் எடுத்துத் தண்ணீர் சுமப்போம். ஊர்த்தெருப் பிள்ளைகள் அந்த நேரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கணக்கு எனக்கு இன்றைக்கும் தகராறுதான்.

தோட்டத்துக்கு ஊற்றும்போது அந்த அடிகுழாயை எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம். குடிக்கப் போனால் மட்டும் ஊர்ப் பிள்ளைகள் குடித்து முடிக்கிறவரை ஓரமாக நிற்கவேண்டும். அதே குழாய், அதே கை. செடிக்கு ஊற்றினால் தீட்டு இல்லை, வாய்க்கு ஊற்றினால் தீட்டு.

காய்த்த தக்காளி எங்கே போகும்? ஒயர்கூடையில் வாத்தியார் வீடுகளுக்குப் போகும். சத்துணவுச் சாம்பாரில் அந்தத் தக்காளியை நான் கண்டதே இல்லை. ஒருநாள் பழுத்த ஒன்றைப் பறித்து அங்கேயே தின்றுவிட்டேன். கொடிக்கம்பத்துக்கு முன்னால் என்னை நிற்க வைத்தார்கள். 'தலைமுறை தலைமுறையா திருடித் தின்ன புத்தி எங்க போகும்' என்றார் ஒருவர். நான் விதைத்த செடி, நான் ஊற்றிய தண்ணீர். திருட்டு எப்படி ஆனது என்று அந்த வயதில் கேட்கத் தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவள் தக்காளியைப் பற்றிப் பேசவில்லை. 'மம்முட்டி புடிக்க நான் கத்துக்குடுக்க மாட்டனா? அதுக்கா ஒன்ன பள்ளிக்கூடம் அனுப்பனன்?' என்று கத்தினாள். மறுநாள் பள்ளிக்கூடம் வந்து அதையே அங்கேயும் கத்தினாள். எனக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை நின்றது. மற்றப் பிள்ளைகளுக்கு நிற்கவில்லை.

*

கல்லூரியில் தலித் தன்வரலாறுகளைப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இந்த நூல்களில் பள்ளிக்கூடத்தின் வகுப்பறையைவிட அதன் முற்றம், மரம், குழாய் ஆகியவைதான் அதிகமாக நினைவில் நிற்கின்றன. நம்முடைய விமர்சகர்கள் கல்வி மறுப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வகுப்பறைக்கு வெளியே என்ன நடந்தது என்று அவர்கள் போதுமான அளவு பார்க்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' எல்லோருக்கும் தெரியும். சதாராவில் பள்ளிக்கூடத்தில் உட்காரத் தனிக் கோணிச்சாக்கு. அதை அவரே தினமும் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொண்டுபோக வேண்டும். குழாயைத் தொட முடியாது. பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்கவேண்டும். குழாய் பள்ளிக்கூடத்தின் பொதுச்சொத்துதான். ஆனால் பொது என்ற சொல்லுக்குள்ளே ஓர் ஆள் காவல் நிற்கிறான்.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997-ல் இந்தியில் வந்தது. பர்லா கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் அந்தச் சிறுவனைப் பள்ளிக்கூடத்து மரத்தில் ஏறச் சொல்கிறார். கிளை ஒடித்து விளக்குமாறு கட்டி, பள்ளி முழுவதையும் பெருக்கச் சொல்கிறார். வகுப்புக்குள் உட்கார முயன்றபோது இழுத்துவந்து மறுபடியும் பெருக்க விடுகிறார். அந்த வழியாகப் போன அப்பா பார்த்துவிட்டு, விளக்குமாற்றைப் பிடுங்கி எறிந்து சத்தம் போடுகிறார். இந்தக் காட்சியைப் படித்தபோது என் அம்மாவின் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

பாமாவின் 'கருக்கு' 1992. அதிலும் ஒரு பள்ளிக்கூடத்து மரம், தென்னை. பிள்ளைகள் மரத்தில் ஓடி ஏறித் தொட்டுவிட்டு இறங்கி விளையாடுகிறார்கள். இந்தப் பிள்ளை தொட்டபோது ஒரு காய் விழுந்துவிடுகிறது. திருடி என்ற பட்டம் வருகிறது. சாதியைச் சொல்லித் திட்டு, வகுப்புக்குள் வரக்கூடாது, சாமியாரிடம் கடிதம் வாங்கி வா. சாமியாரும் சேரிப் பிள்ளைதானே, செய்திருக்கும் என்கிற தோரணையில்தான் பேசுகிறார்.

இரண்டு மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் தலித் பிள்ளை ஏறவேண்டும், ஏனென்றால் விளக்குமாறு வேண்டும். இன்னொன்றில் ஏறக்கூடாது, ஏனென்றால் காய் இருக்கிறது. பள்ளிக்கூடத்து மரத்தில் நம் பிள்ளைக்கு உழைப்பு உண்டு, பலன் கிடையாது. இது பண்ணையில் நம் தாய் தகப்பனுக்கு இருந்த அதே விதி. வயலில் இருந்ததைச் சுவர் கட்டி உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் 'பிள்ளைகள் கையில் மண்வெட்டி கொடுங்கள்' என்று யாராவது ஆசையோடு சொல்லும்போது எங்களுக்கு உடம்பு கூசுகிறது. இதை வெறும் மனத்தாங்கல் என்று தள்ளிவிடாதீர்கள். எழுத்தில் பதிவான சாட்சியம் இருக்கிறது.

*

மண்வெட்டியைப் பாடமாக்குகிற யோசனைக்கு நம்மிடம் ஒரு வரலாறு உண்டு. 1937-ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழிலை மையமாக வைத்துக் கற்பிப்பது, நூற்பு, நெசவு, விவசாயம். உடலுழைப்பை மதிக்கக் கற்கட்டும் என்பது நோக்கம். உடலுழைப்பை மதிக்காதவன் வீட்டுப் பிள்ளைக்கு அது நல்ல பாடம்தான். தலைமுறையாக உடலுழைப்பைத் தவிர வேறெதுவும் அனுமதிக்கப்படாதவன் வீட்டுப் பிள்ளைக்கு அதில் கற்க என்ன இருக்கிறது?

1953-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டம் இதை அப்பட்டமாகக் காட்டியது. பள்ளிக்கூடம் தினமும் மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளை பெற்றோர் தொழிலைப் பார்த்துக் கற்கவேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார். 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. பார்ப்பனரல்லாதார் அரசியலில் இந்தப் போராட்டத்தை இன்றும் பெருமையாகப் பேசுகிறோம், பேசவேண்டியதுதான். ஆனால் ஒன்று கேட்கவேண்டும். சட்டத்தில் இல்லாமல் போன குலக்கல்வி எங்கள் பள்ளிக்கூடத்து நாலாவது பீரியடில் எப்படி உயிரோடு இருந்தது? பேர் படித்த அந்த சார் பெரியார் படம் போட்ட நாட்காட்டியை மேசைமேல் வைத்திருந்தவர்தான்.

இதே விவாதம் அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. 1995-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்கிற உணவகக்காரர் மார்ட்டின் லூதர் கிங் பேரிலுள்ள ஒரு நடுநிலைப்பள்ளியில் தோட்டம் தொடங்கினார். தார் போட்ட இடத்தைக் கொத்தி ஏறக்குறைய ஓர் ஏக்கரில் காய்கறி. அதைப் பார்த்து உலகம் முழுக்கப் பள்ளிகளில் தோட்டம் வந்தது. 2010-ல் கேத்லின் ஃப்ளானகன் என்பவர் ஒரு மாதப் பத்திரிகையில் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். வயலில் கூலிவேலை செய்கிற, எல்லை தாண்டி வந்த தகப்பன் தன் பிள்ளையாவது படிக்கட்டும் என்று பள்ளிக்கு அனுப்ப, அங்கே அந்தப் பிள்ளையைக் கீரை பறிக்க விடுகிறார்களே என்பது அவர் கேள்வி. என் அம்மா கொடிக்கம்பத்துக்குக் கீழே கத்தியதும் இதைத்தான்.

ஆனாலும் ஃப்ளானகன் பக்கம் போய் நிற்க என்னால் முடியவில்லை. அவர் முடிவில் புத்தகமா மண்வெட்டியா என்று கேட்டுப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறார். கணக்கும் இலக்கியமும் படித்துப் பரீட்சையில் ஜெயித்து வெளியே போ என்கிறார். வெளியே போகிறவர் போகலாம். நான் போனேன். ஊரில் மிச்சமிருக்கிற பெரியம்மா என்ன செய்வாள்? அவள் தட்டில் என்ன இருக்கும்? மண்வெட்டியைப் பார்த்துக் கூசுகிற நம் கூச்சம் நியாயமானது. அந்தக் கூச்சத்திலேயே நின்றுவிட்டால் நிலத்தை அவர்களிடமே விட்டுவிட்டு வந்ததாகிவிடும். ஆதிக்கசாதிக்கு இதைவிட வசதி வேறென்ன?

*

இந்த முடிச்சை அவிழ்க்க உதவுகிறவர் ஃபேனி லூ ஹேமர். 'உணவு நீதி' என்ற சொல்லை ஊரூராகக் கொண்டுபோகிற நம் தொண்டு நிறுவனங்கள் முதலில் படிக்கவேண்டியது இவர் கதையைத்தான்.

ஹேமர் 1917-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். வாரக் குத்தகை விவசாயக் கூலிக் குடும்பத்தில் இருபதாவது பிள்ளை. ஆறு வயதில் பருத்தி வயலில் இறங்கினார். 1962-ல் வாக்காளராகப் பதியப் போனார். பதினெட்டு வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து அன்றைக்கே வெளியேற்றப்பட்டார். 1963-ல் வினோனா சிறையில் அடித்து நொறுக்கினார்கள். 1964-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் போய் அத்தனையையும் நாடறியச் சொன்னார்.

அதே 1962-ல் மிசிசிப்பியின் லெஃப்ளோர் மாவட்ட நிர்வாகம் மத்திய அரசு கொடுத்துவந்த உபரி உணவுப்பொருள் விநியோகத்தை நிறுத்திவிட்டது. ஓட்டு கேட்கிறாயா, பட்டினி கிட. சோறு எப்படி ஆயுதம் ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. நமக்கும் இது புதுசு இல்லை. கூலி நெல் கூடக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். தேர்தலில் எதிர்த்து நின்றால், திருவிழாவில் உரிமை கேட்டால், முதலில் நிற்பது கூலி. அடுத்து நிற்பது ஊர்க் கடையில் சாமான்.

ஹேமர் இதைப் புரிந்துகொண்டார். 1969-ல் சன்ஃபிளவர் மாவட்டத்தில் விடுதலைப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். நன்கொடை திரட்டி முதலில் வாங்கியது 40 ஏக்கர். பிறகு 600 ஏக்கரைத் தாண்டியது. சாப்பிடுவதற்குப் பயறு, பீன்ஸ், கீரை, நம்மூர் வெண்டைக்காய். கடன் அடைப்பதற்குப் பருத்தி, சோயா. கூடவே ஒரு பன்றி வங்கி. குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி கொடுப்பார்கள். குட்டி போட்டதும் சிலதை வங்கிக்குத் திருப்பவேண்டும். அது அடுத்த குடும்பத்துக்குப் போகும். கறுப்பின உழைப்பாளி சாப்பிடுகிற கறியை யாரும் அங்கே கேவலமாகப் பேசவில்லை.

அவர் எதை முதலில் வைத்தார் என்று பாருங்கள். ஊட்டச்சத்து வகுப்பு எடுக்கவில்லை, இயற்கையோடு பழகுங்கள் என்று சொல்லவில்லை. அந்தச் சனத்துக்கு மண்ணோடு பழக்கம் போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்தது. இல்லாதது பத்திரம். அதனால் நிலத்தை முதலில் வாங்கினார். பண்ணையாரிடம் வேலை போனாலும் அடுப்பு எரியும் என்றால்தான் ஒருத்தி ஓட்டுப் போடப் போவாள் என்பது அவர் கணக்கு. மண்வெட்டி அதேதான். அது யார் நிலத்தில் இறங்குகிறது என்பதில் எல்லாமே மாறிவிட்டது.

பண்ணை நிலைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மழைவெள்ளம், வறட்சி, கடன், நிர்வாகத்துக்கு ஆள் பற்றாக்குறை. 1970களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போயிற்று. 1977-ல் ஹேமர் இறந்தார். கேட்டால் வயிறு எரிகிறது. ஆனால் தோற்றது யோசனை இல்லை. பணமும் அரசாங்கமும் எந்தப் பக்கம் நின்றன என்பதைப் பார்த்தால் தெரியும்.

*

அம்பேத்கர் 1947-ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் விவசாய நிலம் அரசுடைமையாகவேண்டும், கூட்டுப்பண்ணைகளாகச் சாதி பாராமல் ஊராருக்குக் கொடுக்கவேண்டும், நிலப்பிரபுவும் குத்தகைதாரரும் நிலமற்ற கூலியும் இருக்கக்கூடாது என்று எழுதினார். நம்மில் பலர் அதை அரசியல் சட்டப் பாடமாக மட்டுமே பார்க்கிறோம். அது சோற்றுப் பாடமும்கூட.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892-ல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவருகிற கணக்கு. பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. இன்றைக்கு அது யார் யார் கையில் இருக்கிறது என்று ஊர்ஊராகத் தெரியும். அதை மீட்கப் போனதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். தோட்டம் போட இடம் எங்கே என்று கேட்ட பெரியம்மாவின் கேள்வி அந்தத் துப்பாக்கிச்சூட்டுக்குப் போய்ச் சேருகிறது. விதைப் பொட்டலத்தோடு வந்த தம்பிக்கு இதை யாரும் சொல்லியனுப்பவில்லை.

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் தெலங்கானாவில், அன்றைய மேடக் மாவட்டத்து ஜஹீராபாத் வட்டாரத்தில், 1983-ல் தொடங்கிய டெக்கான் வளர்ச்சிக் கழகத்தின் கிராமச் சங்கங்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். தரிசாகக் கிடந்த நிலத்தைத் திருத்தினார்கள். நிலம் இல்லாதவர்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்தார்கள். சோளம், தினை, பயறு என்று கலந்து விதைத்தார்கள். 1990களில் உழவுக்கு முன்பணம் வாங்கி, அதைத் தானியமாகத் திருப்பி, ஊர்ப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்து, ஊரிலேயே ரொம்ப இல்லாதவர் யார் என்று பெண்களே உட்கார்ந்து முடிவுசெய்து, குறைந்த விலைக்கு அளந்தார்கள். சொந்த ரேஷன் கடை. வெளியிலிருந்து வந்த படித்தவர்கள் தொடங்கிய நிறுவனம்தானே என்ற விமர்சனம் எனக்கும் உண்டு. ஆனால் அளக்கிற படி யார் கையில் இருந்தது என்பதைப் பார்க்கவேண்டும். அது அந்தப் பெண்கள் கையில் இருந்தது.

*

இனி பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவோம். மத்திய அரசு 2019-ல் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. விளைவதை மதிய உணவில் சேர்க்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்லது. ஒயர்கூடைக்கு எதிராகச் சண்டை போட நமக்கு ஒரு தாள் கிடைத்திருக்கிறது, விடக்கூடாது. ஆனால் தோட்டத்துக்கும் தட்டுக்கும் நடுவில் ஓர் அடுப்பு இருக்கிறதே?

தமிழ்நாட்டில் 1956-ல் காமராசர் மதிய உணவு கொண்டுவந்தார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 1989-ல் முட்டை, 2022-ல் காலை உணவு. எத்தனையோ நம் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் பிடித்து வைத்தது இந்தச் சோறுதான். நானே சாட்சி. அதே சோற்றை ஒரு தலித் பெண் ஆக்கினால் என்ன நடக்கிறது? 2018-ல் அவிநாசிக்குப் பக்கத்தில் ஓர் அருந்ததியர் சமையலரை அங்கிருந்து மாற்றச் சொல்லி ஆதிக்கசாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2023-ல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுக்கு அதே எதிர்ப்பு. ஆட்சியர் நேரில் போய் எச்சரிக்க வேண்டியிருந்தது. ஆக, தண்ணீர் ஊற்ற நம் பிள்ளை வேண்டும். விளைந்ததை ஆக்க நம் பொம்பளை கூடாது. இந்த முரணைத் தொடாத தோட்டத்தை எப்படி நீதி என்று சொல்வது?

இன்னொன்று, என்ன விதைப்பது என்பது. கையேட்டுப் பட்டியலில் கடையில் விற்கிற காய்தான் இருக்கிறது. எங்கம்மா களை எடுக்கப் போனால் மடியில் கீரையோடுதான் திரும்புவாள். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, ஆரைக்கீரை, மூக்கரட்டை, பருப்புக்கீரை. மழைக்காலத்தில் நத்தை, வயல் நண்டு. பண்ணைக்காரனுக்கு அது களை, நமக்கு அது குழம்பு. காசு கொடுக்காமல் கிடைத்த சத்து அது ஒன்றுதான். களைக்கொல்லி வந்தது. களையெடுப்புக் கூலியும் போயிற்று, மடியில் வந்த கீரையும் போயிற்று. ஒரே மருந்தில் இரண்டும். எந்த இலையைத் தின்னலாம், எந்த மாதத்தில் தின்னக்கூடாது என்று பெரியம்மாவுக்குத் தெரிந்ததைப் பள்ளிக்கூடம் அறிவு என்று ஏற்றுக்கொண்டால், அவளை வாத்தியாராக உட்காரவைத்தால், அந்தத் தோட்டத்துக்கு நானே வேலி கட்டப் போவேன். கறியும் முட்டையும் இல்லாத தட்டைச் 'சுத்தமான சத்து' என்று விற்கிற பேச்சுக்கும் அப்போது அங்கே இடம் இருக்காது.

நம் பக்கத்தையும் பார்க்கவேண்டும். காலனியில் பொதுத்தோட்டம் என்றால் உடனே எழுந்திருப்பது பெண்கள். பாத்தி கட்டுவது, தண்ணீர் சுமப்பது, பூச்சி பொறுக்குவது அவர்கள். பட்டா வாங்கும்போது மட்டும் ஆண் பேர். மேடையில் அம்பேத்கரைப் பேசுகிற நம் தோழர்கள் வீட்டில் தண்ணீர்க் குடம் யார் இடுப்பில் இருக்கிறது? ஊர்த்தெருவைக் கேட்கிற கேள்வியை நம் தெருவிலும் கேட்காவிட்டால் அதற்கு மதிப்பில்லை.

ஆகவே பள்ளிக்கூடத் தோட்டத்தையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தம்பியிடம் நாங்கள் சொல்லியனுப்பியது இவ்வளவுதான். தோட்ட வேலைக்கு முறை எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். எல்லாத் தெருப் பிள்ளையும் வரவேண்டும், வாத்தியார்களும் வரவேண்டும். பாட நேரத்தில் ஒரு நிமிஷம் குறையக்கூடாது. காய்த்தது எத்தனை கிலோ, எங்கே போனது என்று பிள்ளைகளே நோட்டில் எழுதவேண்டும். யார் ஆக்கினாலும் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்னவேண்டும். தெருத்தோட்டம் என்றால் முதலில் நிலம், அதுவும் பெண்கள் பேரில். தம்பி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. மையத்தில் ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பிள்ளைகளை உட்காரவைத்து, எங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எந்தெந்தப் புல எண்ணில் இருக்கிறது, இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினோம். பிள்ளைகள் முதல் முறையாக 'அ' பதிவேடு, அடங்கல், சிட்டா என்றால் என்ன என்று கற்றார்கள். இதுவும் தோட்டப் பாடம்தான். அந்த அலுவலகத்திலிருந்து 'ஆவணம் கிடைக்கப்பெறவில்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தது. மேல்முறையீடு போட்டிருக்கிறோம்.

தம்பி விட்டுப்போன பொட்டலத்தில் பெரியம்மா வெண்டையை மட்டும் எடுத்து, சிமெண்டுச் சாக்கில் மண் நிரப்பி வாசலில் வைத்தாள். ஆறு செடி காய்த்தது. மற்ற விதையைச் சாம்பல் கலந்து துணியில் முடிந்து உத்திரத்தில் செருகி வைத்திருக்கிறாள். மேல்முறையீட்டுக்கு என்ன பதில் வந்தது என்று வாரத்துக்கு ஒருமுறை என்னைக் கேட்கிறாள்.